பெரிய எடை இறக்கத்துக்குப் பிறகு: கெய்னர், வே, கிரியேட்டின், ஸ்மார்ட் தராசு – எது காசுக்குத் தகும்?

முப்பது நாற்பது கிலோ இறக்கியவருக்கு ஜிம்மில் முதலில் கிடைக்கும் அறிவுரை, "இப்போ பல்க் பண்ணுங்க, ஆறு மாசம் கழிச்சு கட் பண்ணிக்கலாம்" என்பதுதான். அதாவது, முதலில் கூடுதலாகச் சாப்பிட்டு உடம்பை ஏற்றுவது, பிறகு குறைத்துச் சாப்பிட்டுக் கொழுப்பை இறக்குவது. கை மெலிந்திருக்கும், வயிற்றுத் தோல் தொங்கும், பழைய சட்டை தோளில் நிற்காது. அதனால் அறிவுரை சரியென்றே படும். இரண்டே நாளில் மூன்று கிலோ மாஸ் கெய்னர் (எடை ஏற்றும் பொடி) டப்பா வீட்டுக்கு வந்துவிடும்.

அந்த டப்பாவையும், கடையில் அதன் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் வே (பால் புரதப் பொடி), கிரியேட்டின் (தசைக்கு உடனடி ஆற்றல் தரும் பொடி), கொழுப்பு சதவீதம் காட்டும் தராசு ஆகியவற்றையும் இங்கே பார்க்கலாம். பெரிய எடை இறக்கம் முடித்த உடம்புக்கு இவை உதவுமா என்பது மட்டுமே கேள்வி. பிறவியிலேயே ஒல்லியாக இருந்து உடம்பு ஏற்ற நினைப்பவருக்குப் பதில் வேறாக இருக்கும்.

முடிவு இது. கிச்சன் தராசும் இஞ்ச் டேப்பும் கட்டாயம் வாங்க வேண்டியவை. கிரியேட்டின் வாங்கலாம். வே, சாப்பாட்டில் புரதம் எட்டாவிட்டால் மட்டும். ஸ்மார்ட் தராசில் எடையை மட்டும் நம்பலாம். மாஸ் கெய்னர் வேண்டாம். இப்படிச் சொல்வதற்குக் காரணம், எடை இறக்கிய பின் முதல் ஆறு முதல் பன்னிரண்டு மாதம் பெரும்பாலானவர்களுக்கு ரீகாம்ப்தான் சரியான வழி. அதாவது எடையை ஏறத்தாழ அதே இடத்தில் நிறுத்திவைத்து, கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டுவது. பல்க் அதற்குப் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

ஏன் முதலில் பல்க் கூடாது

1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் குழுவினர் 36 ஆண்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தார்கள். எடையில் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று. மறுபடி உணவு கூட்டியபோது கொழுப்பு வேகமாகத் திரும்பியது. இழந்த தசை முழுதாக வருவதற்கு முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது. அவர்கள் பருமனானவர்கள் அல்ல, ஆகவே கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நீண்ட பற்றாக்குறைக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் கலோரியை உடம்பு முதலில் எங்கே சேர்த்துவைக்கும் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

பருமனிலிருந்து இறங்கியவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எடை இறங்கும்போது கொழுப்புச் செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை குறைவதில்லை. வயிற்று அறுவை சிகிச்சையால் எடை இறக்கியவர்களிடமும் எண்ணிக்கை அப்படியே இருந்ததை 2008இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு காட்டியது. கொழுப்பு குறைந்ததால், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனின் சுரப்பும் குறைந்து, பசி கூடியிருக்கும். உடம்பு செலவழிக்கும் கலோரியும் அந்த எடைக்கு எதிர்பார்ப்பதை விடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்த நேரத்தில் "தினமும் 700 கலோரி கூட்டு" என்றால், வருவதில் தசை கொஞ்சம், கொழுப்பு நிறைய.

நம்மவர்களுக்கு இது இரட்டிப்புக் கவலை. இந்திய உடல்வாகில் ஒரே பிஎம்ஐயில் (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) ஐரோப்பியரை விடக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள். அதனால்தான் நமக்கு அதிக எடை என்பது பிஎம்ஐ 23இலேயே தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்து, வாயைக் கட்டி அதை இறக்கியவர், பல்க் என்ற பெயரில் மறுபடி அங்கே போய் நிற்பது மிகவும் வருத்தமான விஷயம்.

எதிர்ப் பக்கத்தில் ஒரு நல்ல செய்தி. உணவைக் குறைத்தும் நடந்தும் மட்டுமே எடை இறக்கியவர், எடைப் பயிற்சியில் இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறார். தொடக்க நிலையில் தசை சேரக் கூடுதல் கலோரி தேவையில்லை. இடுப்பில் மிச்சமிருக்கும் கொழுப்பே எரிபொருள். 2016இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், தேவையை விட 40 சதவீதம் குறைவாகச் சாப்பிட்ட பருமனான இளைஞர்களில், கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்த குழு நான்கு வாரத்தில் 4.8 கிலோ கொழுப்பை இழந்து 1.2 கிலோ மெலிநிறை (கொழுப்பு தவிர்த்த எடை) கூட்டியது. 1.2 கிராம் மட்டும் எடுத்த குழுவுக்கு மெலிநிறை கூடவில்லை என்றே சொல்லலாம். அவர்கள் வாரம் ஆறு நாள் கடும் பயிற்சி செய்தார்கள், சாப்பாடும் அளந்து கொடுக்கப்பட்டது. வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு இதே வேகம் வராது. ஆனால் பற்றாக்குறையிலேயே தசை சேரும் என்றால், பற்றாக்குறையை நிறுத்தி, போதுமான அளவு சாப்பிட்டுச் சேர்ப்பது இன்னும் எளிது.

கிச்சன் தராசும் இஞ்ச் டேப்பும்

பட்டியலிலேயே விலை குறைந்த இரண்டும்தான் அதிக வேலை செய்கின்றன. தராசு ஐந்து கிலோ வரை, ஒரு கிராம் துல்லியத்தில் இருந்தால் போதும். தட்டை வைத்துப் பூச்சியமாக்கும் டேர் பொத்தான் கட்டாயம் வேண்டும்.

முதல் வேலை, எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் கலோரி எவ்வளவு என்று கண்டுபிடிப்பது. 170 செ.மீ உயரம், 35 வயது, 108 கிலோவிலிருந்து 76க்கு வந்த ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். மிஃப்லின் சூத்திரப்படி ஓய்வில் செலவு 1,650 கலோரி. மிதமான நடமாட்டத்தோடு 2,400 வரும். ஆனால் எடை இறக்கியவருக்கு இது சற்றுக் கூடுதலாகவே காட்டும். அதனால் 2,200இல் தொடங்கி, மூன்று வாரம் சாப்பாட்டை எடை போட்டுச் சாப்பிட்டு, தினமும் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரியை ஒப்பிட வேண்டும். முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பற்றாக்குறையிலிருந்து வெளியே வந்ததும் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் (உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து) நிரம்பும். ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் சேரும். ஒன்று இரண்டு கிலோ சட்டென்று ஏறும். இதைக் கொழுப்பென்று பயந்து உடனே பட்டினிக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ரீகாம்ப் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் இந்தப் பயம்.

எண்ணெயைக் கட்டாயம் எடை போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தாளிப்பில் கண்ணளவாக ஊற்றினால் அது இரண்டு கரண்டியாகிவிடும். அரிசியைச் சாதமாக அளக்கிறீர்களா, வேகாத அரிசியாக அளக்கிறீர்களா என்பதையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் சாதம் 130 கலோரி, நூறு கிராம் அரிசி 350. கலோரிக் கணக்குகளில் தென்படும் மிகப் பெரிய பிழை இதுதான்.

டேப்பை வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, தொப்புள் மட்டத்தில் சுற்ற வேண்டும். (மேலே சொன்ன 90, 80 வரம்புகள் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளப்பவை. எங்கே அளந்தாலும் அதே இடத்தில் தொடருங்கள்.) தோல் தொங்குபவர்கள் மடிப்பை டேப்புக்கு மேலே தூக்கிவிட்டு அளப்பதா, சேர்த்து அளப்பதா என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வாரத்துக்கு வாரம் நான்கு செ.மீ தாவும். எடை நிற்க, இடுப்பு மாதம் அரை செ.மீ குறைய, தூக்கும் எடை ஏற – இந்த மூன்றும் இருந்தால் ரீகாம்ப் நடக்கிறது. கண்ணாடியில் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

மாஸ் கெய்னர்

டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நூறு கிராமில் சாதாரணமாக 380 கலோரி, 15 முதல் 20 கிராம் புரதம், 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. மூலப்பொருள் பட்டியலில் முதல் பெயர் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் பொடி). அது சர்க்கரை என்ற வரியில் எழுதப்படாது; ஆனால் ரத்த சர்க்கரையைக் குளுக்கோஸ் போலவே வேகமாக ஏற்றும். "சர்க்கரை குறைவு" என்று முன்பக்கத்தில் அச்சிட்டிருப்பதன் சூட்சுமம் அதுதான். முன்பக்கத்து ஆயிரம் கலோரியும் பல டப்பாக்களில் பாலோடு சேர்த்துச் சொன்ன கணக்கு.

சரியான பல்க்குக்கே நாளுக்கு 150 முதல் 250 கலோரி கூடுதல் போதும். அது 30 கிராம் வேர்க்கடலையும் ஒரு சிறு வாழைப்பழமும். அதற்கு மூன்று கிலோ டப்பா எதற்கு? குடிக்கும் கலோரி வயிற்றையும் நிரப்பாது. பல ஆண்டு அதிகமாகச் சாப்பிட்டுப் பழகி, இப்போதுதான் பசியைக் கட்டுப்படுத்தப் பழகியவருக்கு அது மிக மோசமான பயிற்சி. எடை இறக்க வயிற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் இதைத் தொடவே கூடாது. பைபாஸ் செய்த குடலில் இவ்வளவு மாவுச்சத்து ஒரேயடியாக இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று டம்பிங் வரும்.

வே புரோட்டீன்

எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் வந்த எண். அதற்கு மேல் போனால் சராசரியாகப் பெரிய பலன் தெரியவில்லை. மேலே சொன்ன 76 கிலோ ஆளுக்கு நாளுக்கு 122 கிராம். சாப்பாட்டிலேயே இதை எட்டலாம். காலையில் மூன்று இட்லி, சாம்பார், மூன்று முட்டை: 29 கிராம். மதியம் சாதம், 50 கிராம் மீல் மேக்கர், ஒரு கிண்ணம் தயிர்: 36. இரவு இரண்டு சப்பாத்தி, 120 கிராம் கோழி நெஞ்சுக்கறி: 33. மொத்தம் 98. மாலையில் 30 கிராம் பொட்டுக்கடலையும் ஒரு ஸ்கூப் வேயும் சேர்த்தால் 128. வே வேண்டாமென்றால் கோழியை 220 கிராமாக ஏற்றினால் போதும். அல்லது 120 கிராம் மத்தி மீன்.

விலையை ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். கிலோ 2,400 ரூபாய் வேயில் 75 சதவீதம் புரதம் என்றால் கிராமுக்கு 3 ரூபாய் 20 காசு. ஏழு ரூபாய் முட்டையில் 6 கிராம். கிராமுக்கு ஒரு ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். கிலோ 150 ரூபாய் மீல் மேக்கரில் 520 கிராம் புரதம். கிராமுக்கு 30 காசுகூட இல்லை. மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை பிழிந்து அலசிவிட்டால் வாடை போகும், வயிறு உப்புசமும் குறையும். நூறு கிராமுக்கு மேல் தினமும் போட்டால் வாயுத் தொல்லை நிச்சயம்.

வே வாங்குவதென்றால் பார்க்க வேண்டியவை. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து பெருக்குகிறார்கள். அதனால் விலை மலிவான கிளைசின், டாரின் போன்ற அமினோ பொருட்களைக் கலந்தால் தாளில் புரதம் கூடுதலாகத் தெரியும். மூலப்பொருள் பட்டியலில் இவை தனியாக இருந்தால் டப்பாவை வைத்துவிடுங்கள். அமினோ அமிலப் பட்டியலில் 24 கிராம் புரதத்துக்கு, தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் 2.4 கிராமுக்குக் குறையக் கூடாது. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், தயாரிப்புத் தொகுதி எண், வெளிநாட்டு டப்பா என்றால் இறக்குமதியாளர் முகவரி, மூடிக்கடியில் உடையாத சீல் ஆகியவை இல்லாமல் வாங்க வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு கான்சன்ட்ரேட் வகையில் வயிறு பொருமும். ஐசோலேட்டில் லாக்டோஸ் மிகக் குறைவு, விலைதான் கூடுதல். உள்ளே வரும் கரண்டியை ஒருமுறையாவது தராசில் போட்டுப் பாருங்கள். தளர்வாக அள்ளினால் ஒரு எடை, அழுத்தி அள்ளினால் இன்னொன்று.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். பசியைக் குறைக்கும் செமாக்ளுடைட், டிர்செபடைட் ஊசி போட்டுக்கொண்டு இறக்கியவர்களுக்கு வே உண்மையிலேயே உதவும். பசியே இல்லாதவரால் 120 கிராம் கோழியை மென்று முடிக்க முடிவதில்லை. திரவமாக 24 கிராம் இறங்கிவிடும்.

கிரியேட்டின்

மோனோஹைட்ரேட் மட்டும் வாங்குங்கள். நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி. முதல் வாரம் 20 கிராம் போடும் லோடிங் தேவையில்லை. மூன்று நான்கு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும். குளிர்ந்த நீரில் அடியில் மணலாகத் தங்கும், வெதுவெதுப்பான நீரில் கரையும். கூடுதல் விலைக்கு விற்கும் வேறு வேதிவடிவங்கள் இதைவிட மேலானவை என்று நிரூபணமாகவில்லை.

ரீகாம்ப் செய்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரியேட்டின் தசைக்குள் தண்ணீரை இழுக்கும். ஒரு கிலோ, சிலருக்கு அதற்கு மேல், ஏறும். கலோரியை மாற்றும் அதே வாரத்தில் இதையும் தொடங்கினால் எது எதனால் ஏறியது என்று சொல்ல முடியாது. எடை நிலைத்த பிறகு தொடங்கி, ஒரு மாதம் டேப்பை மட்டும் நம்புங்கள். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சற்று உயர்ந்து காட்டலாம். சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்மார்ட் தராசும் ஸ்கேனும்

ஒரு பாதத்தில் மெல்லிய மின்னோட்டத்தை விட்டு மறுபாதத்தில் எடுத்து, தடையை வைத்து உடல் நீரைக் கணக்கிட்டு, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கும் கருவி இது. மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகத்தான் போகிறது. மேல் உடம்பு சூத்திரத்தில் வரும் ஊகம். முந்தைய இரவு உப்புக் கருவாடு, காலையில் குடித்த தண்ணீர், பயிற்சிக்குப் பின் சூடான தோல், மாதவிடாய் நாட்கள் எல்லாமே எண்ணை மாற்றும். எடை இறக்கியவரின் தொங்கும் தோலும் மாறிய நீரளவும் இந்தச் சூத்திரங்களை உருவாக்கியபோது பெரும்பாலும் கணக்கில் இருந்தவை அல்ல. கிரியேட்டின் தண்ணீரையும் "தசை கூடியது" என்று காட்டிவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது. ஜிம்களில் கையிலும் பிடிக்கச் சொல்லும் எட்டு மின்முனைக் கருவி இதைவிடத் தேவலாம். ஆனால் தண்ணீர்ப் பிரச்சினை அதிலும் அப்படியே உண்டு.

எலும்பு, கொழுப்பு, தசையை எக்ஸ்ரே மூலம் பிரித்து அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இவற்றை விட நம்பகமானது. பெரிய ஸ்கேன் மையங்களில் கேட்டுப்பாருங்கள். "டெக்ஸா" என்று மட்டும் சொன்னால் இடுப்பும் முதுகெலும்பும் எடுத்து எலும்பு அடர்த்தி அறிக்கை கொடுத்துவிடுவார்கள். முழு உடல் கொழுப்பு-தசை அளவு வேண்டுமென்று குறிப்பிட்டே கேட்க வேண்டும். அது காட்டும் மெலிநிறையிலும் தண்ணீர் உண்டு. அரைக் கிலோ மாற்றத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆறு மாத இடைவெளியில், அதே கருவியில், அதே வெறும் வயிற்றில் எடுத்தால் காசுக்குப் பயன் உண்டு.

பிசிஏஏ (அமினோ அமிலப் பொடி), கொழுப்பு எரிக்கும் மாத்திரை, தோலை இறுக்கும் கிரீம் மூன்றும் வேண்டாம். தொங்கும் தோலுக்குக் கிரீம் வழி இல்லை. எடை குறைந்தது ஆறு மாதமாவது ஆடாமல் நின்ற பிறகு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கலாம். தோலுக்குள் தசையை நிரப்பி இறுக்கிவிடலாம் என்று நினைத்துப் பல்க் தொடங்குகிறவர்களும் உண்டு. கையில் கொஞ்சம் பலன் தெரியும், வயிற்றில் தெரியாது.

பல்க் எப்போது சரி

எடை மூன்று மாதமாக நிற்கிறது. இடுப்பு உயரத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது (170 செ.மீ ஆளுக்கு 85). ஆறு மாதத்துக்கு மேல் ஒழுங்காக எடைப் பயிற்சி நடக்கிறது: ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரண்டு முறை, மொத்தம் பத்து செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) அளவில், கடைசி ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது) திணறும்படி. தூக்கமும் புரதமும் சரியாக இருந்தும் ஆறு எட்டு வாரமாகத் தூக்கும் எடை ஏறவில்லை. இத்தனையும் பொருந்தினால் பல்க் நியாயமானது. எப்போதும் குளிர்வது, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது போன்றவை இருந்தால் காத்திருக்கவே கூடாது. அது உடம்புக்குச் சாப்பாடு பற்றவில்லை என்ற அறிகுறி. முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

அளவு இது. நாளுக்கு 150 முதல் 250 கலோரி கூடுதல். எடை ஏற்றம் வாரத்துக்கு உடல் எடையில் 0.25 சதவீதம், 72 கிலோ ஆளுக்கு 180 கிராம், மாதம் முக்கால் கிலோ. இடுப்பு தொடக்கத்திலிருந்து 3 செ.மீ கூடினால் எடை எங்கே இருந்தாலும் அன்றே நிறுத்தி, மாதம் ஒன்று அதே எடையில் நிற்க வேண்டும். இந்த நிறுத்தக் கோட்டைத் தொடங்கும் முன்பே எழுதிவைக்காதவர்கள், "இன்னும் ரெண்டு கிலோ ஏறட்டும்" என்று போய்ப் பழைய பேன்ட் அளவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஜிம்மில் ஒன்றேகால் கிலோ சிறு தட்டுகள் இருக்கிறதா என்று சேரும் முன் பாருங்கள். டம்பெல் ஐந்திலிருந்து ஏழரைக்குத் தாவினால் அது 50 சதவீத ஏற்றம், தோள் பயிற்சியில் நடக்கவே நடக்காது. அங்கேயே மாதக்கணக்கில் தேங்கி நிற்பவர்கள் சாப்பாட்டைக் குறை சொல்லிப் பல்க்குக்குத் தாவுகிறார்கள்.

ஏற்கெனவே கெய்னர் வாங்கிவிட்டவர்கள், சர்க்கரை நோயோ வயிற்று அறுவை சிகிச்சையோ இல்லையென்றால், அதைத் தூக்கிப்போட வேண்டாம். லேபிள் சொல்லும் அளவை மறந்துவிட்டு, பல்க் தொடங்கும் காலம் வரும்போது பயிற்சி நாட்களில் மட்டும் 50 கிராம் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். 190 கலோரி, வேண்டிய கூடுதல் அவ்வளவுதான். அதுவரை சீலைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் மழைக்காலத்தில் கட்டிதட்டிவிடும். ஈரக் கரண்டி உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும்.